அத்தை கொடுத்தனுப்பிய பெல்ட்

என் அத்தைக்குச் சக்களத்தியாக வந்து சேர்ந்தது ஒரு புல் வெட்டும் வண்டி.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் அத்தை வீடும் எங்கள் வீடும் பக்கத்துப் பக்கத்தில். மாமாவுக்கு அங்கிருந்த ஒரு திடலில் புல் வெட்டும் வேலை. பல வருடம் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டியவருக்கு, 1970களின் கடைசியில், உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்பு வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஆயுத பூஜைக்குத் தேக்கா சந்தைக்குப் போய் வண்டிக்கு ஆளுயர மல்லிகை மாலை வாங்கி வந்தாரே, அத்தைக்கு ஒரு முழம் பூ வாங்கினாரா? இல்லை. முடிந்தது கதை. வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

அதன்பிறகு தபால்காரி நான்தான். "உங்க மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அத்தை. மாமா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "உங்க அத்தையைக் கொஞ்சம் உப்பு போட்டுச் சமைக்கச் சொல்லு" என்பார் மாமா. எட்டு வயதில் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்ட பெருமை எனக்கு.

ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கத் திடலுக்குப் போயிருந்தேன். மறுநாள் அங்கே பந்து விளையாட்டு. பாதி வெட்டிய நிலையில் வண்டி நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. ரப்பர் கருகிய நாற்றம் வேறு. மாமா குப்புறப் படுத்து, அடியிலிருந்து அறுந்துபோன கறுப்பு பெல்ட்டை உருவிப் போட்டார். மாலைக்குள் திடலை முடிக்காவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் காலையிலேயே மிரட்டிவிட்டுப் போயிருந்தார். மறுபடியும் தோளில் மெஷினா என்று நினைத்தே மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாப்பா, ஓடு! மாமா பெல்ட் கேட்டாங்கன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு. அலமாரில இருக்கு. சீக்கிரம் லா!"

ஓடினேன். அத்தை சற்று யோசித்தார். அலமாரியைத் திறந்து, மாமா தீபாவளிக்குக் கால்சட்டையில் போடும் இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். "சிலுவார் கழண்டு விழுதோ என்னமோ, பாவம்" என்றார்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ சாமி! இடுப்புக்கு இல்ல பாப்பா, மெஷினுக்கு! மெஷின் பெல்ட்டுன்னு சொல்லு!"

மறுபடி ஓடினேன். "மெஷினுக்கா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்ற அத்தை, தன் தையல் மெஷினின் சக்கரத்திலிருந்து மெல்லிய தோல் பெல்ட்டைக் கழற்றி என் கையில் சுற்றிவிட்டார்.

அதைப் பார்த்ததும் மாமா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க அத்தைக்கு மூளை இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றார். கேட்டுவிட்டு வா என்றால் கேட்டுவிட்டு வருகிறவள் நான். அப்படியே போய்க் கேட்டேன்.

அத்தை செருப்பை மாட்டினார். அலமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றியிருந்த கறுப்பு பெல்ட்டை நேராகக் கையை விட்டு எடுத்தார். திடலுக்கு விறுவிறுவென்று நடந்தார்.

மாமா அதை வாங்கிக்கொண்டார். மாட்டுவதில்தான் வந்தது வம்பு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. ஒருவர் அதை இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் பெல்ட்டை மாட்டலாம். மாமா தனியாக முயன்றார், நழுவியது. காலால் உதைத்துப் பிடித்தார், ஸ்பிரிங் திரும்பி வந்து முட்டியில் அடித்தது. என்னைப் பிடிக்கச் சொன்னார், என் பலத்துக்கு அது அசையவே இல்லை. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டார்.

"பாப்பா, உங்க அத்தையை இழுக்கச் சொல்லு" என்றார் மாமா. நான் அத்தை பக்கம் திரும்புவதற்குள் பெல்ட் நழுவிவிட்டது. மறுபடியும் அதே கூத்து. தபால் போய்ச் சேரும்வரை ஸ்பிரிங் காத்திருக்குமா?

"இழுடி!" என்று கடைசியில் அத்தையைப் பார்த்தே கத்தினார்.

"இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! நீங்க மாட்டுங்க லா!"

"விட்டுறாத... இன்னும் கொஞ்சம்... சரி, விடு!"

டக்கென்று உட்கார்ந்தது பெல்ட். இருவர் மூக்கிலும் கிரீஸ். அத்தைதான் முதலில் சிரித்தார். என் உத்தியோகம் அந்த நிமிடமே பறிபோனது.

பொழுது சாய்வதற்குள் திடல் முழுவதும் வெட்டியாகிவிட்டது. சூப்பர்வைசர் வந்து தலையாட்டிவிட்டுப் போனார். மாமா குளித்து, பஸ் ஏறித் தேக்கா போய், வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூவோடு திரும்பினார். எனக்கு வந்ததே கோபம்! வெயிலில் நாய் மாதிரி ஓடியவள் நான். தப்புத் தப்பாக பெல்ட் கொடுத்தனுப்பியவருக்குப் பூவா? அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

அத்தை பூவைத் தலையில் சூடிக்கொண்டார். பிறகு தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் வைத்து, காலால் ஒரு மிதி மிதித்து, ஒரே கையால் மாட்டி முடித்தார். பெல்ட் விஷயத்தில் இவ்வளவு கெட்டிக்காரி பகலில் ஏன் அப்படித் தடுமாறினார் என்று யோசித்தேன். பாவம், வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

அத்தைக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது.