வெண்ணெய்க் கூடத்துத் தரை

தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆணையிட எனக்கு அதிகாரம் இருந்தது. அந்தத் தரையில் நின்று வேலை செய்பவள் வழுக்கி விழாமல் இருக்க யார் பொறுப்பு? பட்டம் பெற்று, பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதியில் சுகாதார ஆய்வாளனாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்வியை நான் எதிர்கொள்ள நேர்ந்தது. அதுவரை அப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தோன்றியதில்லை.

நீலசந்திராவில் ஒரு கணவனும் மனைவியும் வெண்ணெய்க் கூடம் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களிடம் பால் வாங்கி, உறையூற்றி, காலையில் கடைந்து, பங்களாக்களுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் அனுப்புவார்கள். கடைவது அவன்; திரட்டுவது அவள். அவள் திரட்டிய வெண்ணெயில் மோர் ஒரு சொட்டும் தங்காது என்று வாங்குபவர்கள் சொல்வார்கள்.

கூடத்தில் மண் தரை. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் சாணம் மெழுகுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதைவிடச் சுத்தமான தரை உலகத்தில் இல்லை. சிந்திய மோர் அதில் ஊறிப் புளித்து ஈ மொய்ப்பதை நான் கண்டேன். சிமென்ட் தரை போடாவிட்டால் உரிமம் கிடைக்காது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஆணை தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை. ஆனால் அது அரைகுறையான ஆணை. எப்படிப்பட்ட சிமென்ட் தரை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதிகாரி கேட்ட தரையாயிற்றே, குறைவாகப் போடலாமா என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பங்களாக்களின் வரவேற்பறைக்குத் தரை போடும் கொத்தனாரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அவர் காவி கலந்து பூசி, தேங்காயெண்ணெய் தொட்டு, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார். முடிந்த மறுநாள், வேலை தொடங்குமுன்பே நான் போய்ப் பார்த்தேன். காய்ந்த தரை சிவப்பாக, கண்ணாடிபோல் பளபளத்தது. இருவரும் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். மிக நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் போனபோது தரை தெரியவில்லை. சுவரிலிருந்து சுவர்வரை கோணிச்சாக்கு விரித்திருந்தது. மோரில் நனைந்த சாக்குகளின் வாடைக்குப் பழைய மண் தரையே மேல். கோபத்தோடு நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தேன். அப்போதுதான் அவளைக் கவனித்தேன். எட்டாம் மாதம். சுவரில் ஒரு கையை ஊன்றியபடி, சாக்கின் நடுவிலேயே கால்வைத்து மெல்ல நடந்து வந்தாள்.

"சாக்க எடுக்கச் சொல்லாதீங்க சார். போன மாசம் விழுந்துட்டேன். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல. இன்னொரு தபா விழுந்தா என்ன ஆவுமோ."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை என்று கணவன் தணிந்த குரலில் சொன்னான். பிறகு ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான்.

"மூஞ்சி பாக்கலாம், தல சீவலாம். நடக்கத்தான் முடியாது சார். நீங்களே வந்து பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் சாக்கை விலக்கிய இடத்தில் கால்வைத்தேன். இரண்டாவது அடியில் கால் வழுக்கியது. அவன் என் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சிரித்ததற்கு வருந்தியவள்போல் எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்து, குனிந்து பார்த்தேன். மோர் தேங்கிய இடங்களில் புளிப்பு சிமென்டையே அரித்துக் குழியாக்கியிருந்தது. நடக்கவும் ஆகாத, கழுவவும் ஆகாத ஒரு தரையை நான் அவர்கள் தலையில் கட்டியிருந்தேன். நோட்டீஸ் எழுதவில்லை.

பிழை என்னுடையது என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் கடிந்துகொண்டார்; ஆனால் இடித்த கிடங்கு ஒன்றின் கருங்கல் பலகைகளைக் கொடுக்கச் சம்மதித்தார். அம்மி கொத்துவதுபோல் கல்லைக் கொத்தினால் கால் நிற்கும் என்று அவள் யோசனை சொன்னாள். கொத்திய குழியில் அழுக்குத் தங்குமே என்பது என் கவலை. இரண்டு பலகைகளைக் கொத்தி, புளித்த மோர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, மறுநாள் முகர்ந்து பார்த்தோம். ஆழமாகக் கொத்தியது நாறியது. மேலாகக் கொத்தியதில் வாடையே இல்லை. அதே பதத்தில் எல்லாவற்றையும் கொத்தி, இடைவெளியின்றி நெருக்கி, மூலைச் சாக்கடைக்கு வாட்டம் கொடுத்துப் பதித்தார்கள். வேலை முடியும்வரை பக்கத்து வீட்டார் தங்கள் கொட்டகையைக் கடைவதற்கு விட்டுக்கொடுத்தார்கள்.

தரை முடிந்த அன்று அவன் ஒரு செம்பு மோரை அதன்மேல் ஊற்றி, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தான் பின்னோக்கி நடந்தபடி அவளை நடக்கவைத்தான். பாதித் தூரத்தில் அவள் நின்றாள்.

"கைய உடுங்க. கால் நிக்குது."

அவன் ஒரு கையை மட்டும் விட்டான். அவள் தானாகவே மற்றதையும் உருவிக்கொண்டு எதிர்ச்சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள். அவன் கைகள் இரண்டும் அதுவரை நீட்டியபடியே இருந்தன.

ஐந்து வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது, உரிமமும் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, வேலை தொடங்குமுன் போய்க் காய்ந்த தரையைப் பார்த்துக் கையெழுத்திடுவதை நான் நிறுத்திவிட்டேன். வேலை நடக்கும் நேரத்தில், தரை நனைந்திருக்கும்போதே போனேன்.