பானுமதி கடைத் தூக்குவாளிகள்

புத்தூரில் ஆஸ்பத்திரிகள் நெருங்கி நிற்கும் தெருவில் பானுமதிக்குப் பார்சல் சாப்பாட்டுக் கடை. நோயாளிக்குத் துணை இருப்பவர்கள்தான் வாடிக்கை. கொதிக்கிற ரசத்தைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போடும்போதெல்லாம் அவளுக்கு மனசு உறுத்தும். ஒருநாள் துணிந்து எவர்சில்வர் தூக்குவாளிகளை வாங்கி வந்து கடை முழுக்கத் தொங்கவிட்டாள்.

"அட்வான்ஸ் வாங்கிக்க" என்றார் கணவர் பிச்சை.

"ஆளைப் படுக்கையில போட்டுட்டு வர்றவங்ககிட்ட அதை எப்படிங்க கேக்குறது? கொண்டாந்து குடுத்துடுவாங்க."

தங்கமான மனசுதான். பொறுமைதான் அந்த அளவுக்கு இல்லை. உள்ளூர்க்காரர்கள் தூக்கைக் கழுவி மறுநாளே கொடுத்தார்கள். வெளியூர் ஜனங்களோ டிஸ்சார்ஜ் ஆனதும் தூக்கோடு பஸ் ஏறினார்கள். கொக்கிகள் காலியாகக் காலியாக, பிச்சையின் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில்தான், புருஷனைச் செக்கப்புக்கு அழைத்து வந்திருந்த துறையூர்ப் பக்கத்துப் பொன்னுத்தாய் மாட்டிக்கொண்டாள். ரசம் சாதம் கேட்டாள்.

"போன தடவை கொண்டுட்டுப் போன தூக்கு எங்க?"

"ஊர்ல இருக்குக்கா. கொண்டாந்துடுறேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. நான் என்ன பாத்திரத்தைத் தானம் பண்ணவா கடை வச்சிருக்கேன்?"

அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டாள். பொன்னுத்தாய் ஒன்றும் வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அந்த வாரமே பானுமதி மிச்சமிருந்த தூக்குகளை எடைக்குப் போட்டுவிட்டு, பழையபடி கவருக்கே திரும்பினாள்.

அடுத்த செக்கப்புக்கு வந்த பொன்னுத்தாய் கையில் அதே தூக்கு. மூடியைத் திறந்தால், விளிம்புவரை சின்ன வெங்காயம்.

"சோறு போட்டுக் குடுத்த பாத்திரத்தை வெறுமனே எப்படிக்கா திருப்பிக் குடுக்குறது? அதான் காட்டுல வெங்காயம் எடுக்கட்டும்னு இருந்தேன். எங்க ஊர்ல இன்னும் நாலஞ்சு வீட்ல உங்க தூக்கு இருக்கு. கொண்டாருவாங்க."

எதிர்வீட்டுக் கிண்ணத்தை ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் பானுமதி திருப்பியதே இல்லை. கல்லாவில் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்து போயிற்று? இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருக்கலாம். வாயையாவது அடக்கியிருக்கலாம்.

வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு, தூக்கை அவசர அவசரமாகக் கழுவி, ரசம் சாதத்தை நிறைய வைத்து நீட்டினாள்.

"இதுலயே கொண்டுட்டுப் போங்க. மெதுவா குடுத்தாப் போதும்."

பொன்னுத்தாய் கையை நீட்டவில்லை.

"வேணாங்க்கா. எனக்குக் கவர்லயே குடுத்துடுங்க."