கறுப்புத் தந்திகள்

ஹார்ப்பை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ட்ராமில் ஒருவர் எழும்பி இடம் தந்தார். எனக்கல்ல, அதற்கு. கறுப்புப் பைக்குள் என் நெஞ்சு உயரத்துக்கு நின்ற அதை இருக்கையில் சாய்த்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். நான் இறங்கும் மிச்சம் தரிப்பிடம் வரும் வரைக்கும் ஆட்கள் என்னிடம் கேள்வி கேட்டபடியே இருந்தார்கள். கூச்சம் உள்ளவன் தெருவில் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய பொருள் அல்ல அது. கிட்டாரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹார்ப்பைக் கண்டால் சனம் நின்றுவிடுகிறது.

நான் தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில், ஒரு பெரிய கடையில் தட்டுகளில் சாமான் அடுக்குகிறேன். விடியற்காலை ஷிப்ட். ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடும் இடத்தில் என் வாய் திறக்காது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மனைவிதான் போய்ப் பேசுவார், நான் காருக்குள் இருப்பேன். கோயிலில் யாராவது மைக்கை நீட்டினால் செருப்பைத் தேடுகிறவன் போல வெளியே போய்விடுவேன். ஆங்கிலம் தெரியாததால் அல்ல. தமிழிலும் அப்படித்தான்.

சனிக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு தேவாலய மண்டபம் இருக்கிறது. ஒருநாள் மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே இருந்து வந்த சத்தத்தை முதலில் ரேடியோ என்று நினைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஆண்களும் பெண்களும் ஆளுக்கொரு யாழைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு அந்தச் சொல்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே யாழ் இருக்கிறது. சின்னங்களிலும் கொடிகளிலும் அதன் படத்தைப் பார்த்து வளர்ந்தோம். ஒரு மனிதன் அதை மடியில் வைத்து மீட்டுவதை ஐம்பது வயதுக்கு அருகில், லண்டனில், ஈரச் சப்பாத்தோடு நின்றுதான் முதலில் கண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் வாசலில் நின்றேன். கடைசியில், அங்கே ஹார்ப் பழக்கும் ஆசிரியை கதவைத் திறந்தார். என்னைவிட வயது குறைந்தவர், ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தீவிலிருந்து வந்தவர். "மழைக்குத்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்கு வெயில். உள்ளே வந்து நில்லுங்கள்" என்றார். நான் போய் நின்றேன். அடுத்த கிழமை கதிரை தந்தார். அதற்கடுத்த கிழமை ஹார்ப்பைத் தந்தார்.

அது தோளில் சாயும் விதத்தை எப்படிச் சொல்வது? தூக்கத்தில் குழந்தை சாய்வது போல வலது தோளில் வந்து சாயும். தந்தியை இழுத்து விட்டதும் சத்தம் காதுக்கு வருமுன் தோள் எலும்புக்கு வந்துவிடும். பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் தடித்துப்போன என் விரல்கள் அதற்கு உதவாது என்று நினைத்திருந்தேன். ஆசிரியை என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தத் தோல் வருவதற்கு மற்றவர்களுக்கு ஒரு வருடம் பிடிக்கும் என்றார். பெருவிரல் மேலே நிற்க வேண்டும், சின்னவிரலுக்கு வேலை இல்லை, தந்தியை விட்ட விரல் உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். மற்றதெல்லாம் காதால் படிப்பது. அவர் ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம், பிழைத்தால் திட்டாமல் அதே துண்டைத் திரும்பவும் வாசிப்பார். எத்தனை தரம் என்றாலும் அவருடைய முகம் மாறாது. அந்தப் பொறுமையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஒருநாள் அவர் உலோகக் கம்பி கட்டிய பழைய வகை ஹார்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை நகத்தால் வாசித்தார். கோயில் மணி போல ஒவ்வொரு சுரமும் நெடுநேரம் நின்றது. அடுத்த சுரத்தை எழுப்பும்போதே முந்தியதை இன்னொரு விரலின் நுனியால் தொட்டு அணைத்தார். எதை ஒலிக்க விடுவது, எதை அணைப்பது என்று விரல்களே முடிவெடுப்பது போல இருந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்திருக்கிறேன் போல. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு அம்மா, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, என் முழங்கையைத் தட்டி, ஈ போய்விடும் என்றார்.

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் முற்காலத்தில் ஹார்ப்காரர்கள் வீடு வீடாகப் போவார்களாம். பலருக்குக் கண் தெரியாது. இடம் கொடுத்து, சாப்பாடு கொடுத்து, குதிரையும் கொடுத்து அனுப்பிய வீட்டுக்காரருக்கு நன்றியாக ஒரு மெட்டுச் செய்து கொடுப்பார்களாம். அப்படிப் பிறந்த மெட்டுகளை இன்றைக்கும் வாசிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் படித்த பாணர்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்களும் யாழோடு நடந்து போய், பாடிச் சோறு உண்டவர்கள்தான். அவர்கள் பாடிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன, மீட்டிய மெட்டுகள் இல்லை. இவர்கள் மெட்டையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். பொறாமையில்லை, பெரிய மரியாதை.

காப்பாற்றிய வழியும் எனக்குப் பிடித்தது. ஒரு மெட்டை வாசிக்குமுன் அதை யாரிடமிருந்து பெற்றேன் என்று சொல்ல வேண்டும். இன்ன ஊர்க் கிழவரிடம், என் மாமியிடம், ரயிலில் சந்தித்த ஒருவரிடம். அதைச் சொல்லாமல் வாசிப்பது கைகழுவாமல் பந்தியில் உட்காருவது போல என்று ஆசிரியை சொல்வார். எனக்கு அது நல்ல வழக்கமாகவும் பட்டது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் மண்டபத்துக் குழுவின் ஹார்ப்புகள் இரவல். புதிதாகப் பழகுபவருக்குத் தருவார்கள். தை மாதத்து ஒன்றுகூடலில் அவர் எல்லோர் முன்னாலும், யாரிடம் பெற்றது என்று சொல்லி, ஒரு மெட்டைத் தனியாக வாசிக்க வேண்டும். வாசித்தால் இன்னொரு வருடம் அவரிடம் இருக்கும். இல்லாவிட்டால் காத்திருப்பவருக்குப் போகும். திறமையைப் பார்ப்பதற்கல்ல, பெட்டிக்குள் தூங்குகிறதா என்று பார்ப்பதற்கு. எனக்குப் பின்னால் காத்திருந்தவர் சட்டனில் இருந்து வரும் ஒரு ஆஸ்பத்திரித் தாதி. நல்ல மனுஷி. என் ஹார்ப்பின் வளைவை அவர் தடவிப் பார்க்கும்போதெல்லாம் நான் பையை எடுத்து மூடத் தொடங்குவேன்.

புதிதாக ஒன்று வாங்க எங்களால் முடியாது. அதனால் அதை இழந்தால் இழந்ததுதான்.

வீட்டில் மனைவி முதல் கிழமை அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பிறகு தொடங்கினார். நான் பையை முதுகில் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது வாசலில் நின்று சொன்னார்: "என்னப்பா, காவடி எங்கை போகுது இண்டைக்கு? பால்குடமும் எடுத்துத் தரட்டோ?"

"வகுப்புக்கு" என்றேன்.

"ஓம், ஓம். கலியாணவீட்டிலை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டியள். உதோடை மட்டும் விடிய விடியக் கதை."

ஆனால் பின்னேரத்தில் நான் வாசிக்க உட்கார்ந்தால் டீவியின் சத்தத்தைக் குறைப்பவரும் அவர்தான்.

நான் ஒன்றுகூடலுக்கு எடுத்த மெட்டு ஆசிரியையின் தீவில் படகு வலித்துத் திரும்புகிறவர்களுடையது. அதற்கு ஒரு விஷயம் உண்டு. ஹார்ப்பில் சிவப்புத் தந்திகளும் கறுப்புத் தந்திகளும் அடையாளத்துக்கு இருக்கும். ஒவ்வொரு தந்தியின் மேல்நுனியிலும் ஒரு சிறு லீவர். அதை உயர்த்தினால் சுரம் அரை அளவு ஏறும். இந்த மெட்டுக்குக் கறுப்புத் தந்திகளின் லீவர்களை எல்லாம் உயர்த்த வேண்டும். வகுப்பு முடிந்து பையில் வைக்கும்போது, தந்தி தேயாமலிருக்க, எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். நான் ஒழுங்காக இறக்கினேன். வீட்டில் உயர்த்த மறந்துபோனேன்.

அது நத்தார் காலம், கிறிஸ்மஸ் வியாபாரம். கடையில் ஷிப்டுகளை மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைகளிலும் பின்னேரம் வரை வேலை. வகுப்புக்குப் போக முடியவில்லை. மற்றவர்கள் ஆசிரியை வாசிப்பதைக் கைபேசியில் பதிந்துகொண்டு போவார்கள், எனக்கு அதைக் கேட்கவும் கூச்சம். ஞாபகத்தை நம்பி வாசித்தேன். முதல் இரண்டு மூன்று நாள் ஏதோ வித்தியாசமாக இருப்பதாகப் பட்டது. என் விரல்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு அந்த வித்தியாசமே இனிக்கத் தொடங்கியது. கறுப்புத் தந்தி வரும் இடத்தில் மெட்டு கொஞ்சம் குனிந்து, பிறகு வீட்டுக்குத் திரும்புவது போல இருந்தது. குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்த மனைவி தன்னை அறியாமல் அதை முணுமுணுத்தார். கோயிலில் ஓதுவார் பாடுவது போல இருக்கிறது என்றார். படகுக்காரர் பாட்டும் அப்படித்தான் இருக்கும்போல என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒன்றுகூடல் அன்று மனைவியும் வந்தார். பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தாதி வாசல் பக்கமாக இருந்தார். எனக்கு முன்னால் பஸ் சாரதி அம்மாவின் முறை. அவர் ஆசிரியையிடமிருந்து பெற்றதாகச் சொல்லி, என்னுடைய அதே மெட்டைத் தொடங்கினார்.

மூன்றாவது வரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வீட்டில் வாசித்தது இதுவல்ல. அவருடைய கறுப்புத் தந்திகளின் லீவர்கள் மேலே நின்றன. மெட்டு குனியவில்லை, நிமிர்ந்து, வெளிச்சமாகப் போனது. என் ஹார்ப்பின் லீவர்களைப் பார்த்தேன். எல்லாம் கீழே கிடந்தன.

கைதட்டல் முடிந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவசரமாகக் கறுப்பு லீவர்களை உயர்த்தினேன். யாரிடம் பெற்றது என்று சொல்லவும் மறந்து தொடங்கினேன். இரண்டு வரி போனது. பிறகு கறுப்புத் தந்தி வந்தது, எனக்குத் தெரியாத ஒரு சுரம் கேட்டது, விரல் நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினேன், அதே இடத்தில் திரும்பவும் நின்றது. தந்திகளை உள்ளங்கையால் அணைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஹார்ப்பைத் தாதியிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை எடுப்பதற்கு எத்தனை அடி வைக்க வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

ஆசிரியை தன் கதிரையிலிருந்து எழும்பாமல், "உங்களுக்குத் தெரிந்ததை வாசியுங்கள்" என்றார்.

"எனக்குத் தெரிந்தது பிழை."

"அதை யாரிடமிருந்து பெற்றீர்கள்?"

கேள்வி வழக்கமான கேள்விதான். பதில் சொல்லாமல் தப்ப வழியில்லை. நான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. "உங்களிடமிருந்துதான் பெற்றேன். வீட்டில் லீவரை உயர்த்த மறந்துவிட்டேன். பிறகு என் மனைவி சமைக்கும்போது அதைப் பாடினார். அவருக்கு அது எங்கள் கோயில் பாட்டுப் போல இருந்ததாம். அதற்குப் பிறகு அது அப்படியே நின்றுவிட்டது."

சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு அல்ல. மனைவி பின்னால் யாருக்கோ எதையோ விளக்குவது கேட்டது. நான் லீவர்களை இறக்கிவிட்டு வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பகுதியில் ஒரு விரல் தடுக்கியது. ஆனால் நிற்கவில்லை. கறுப்புத் தந்தி வந்த ஒவ்வொரு இடத்திலும் அது என் தோள் எலும்பில் தெரிந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

முடிந்ததும் ஆசிரியை கைதட்டவில்லை. தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருந்தார். தன் தீவில் பாக்பைப் ஊதுபவர்களின் குழலில் இந்தச் சுரம் இப்படித் தாழ்ந்துதான் இருக்கும் என்றும், இந்த மெட்டை அவர்கள் வாசித்துத் தான் கேட்டதில்லை, வாசித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னார். மெட்டு ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் திரும்பும் என்றார். பிறகு, ஏதோ சின்ன விஷயம் போல, ஹார்ப் இன்னொரு வருடம் என்னிடமே இருக்கட்டும், இன்றைக்குக் காலையில் ஒருவர் திருப்பிக் கொடுத்ததைத் தாதி எடுத்துக்கொள்ளலாம் என்றார். தாதி என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

எழும்பப் போனேன். ஆசிரியை கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதை எங்களுக்குத் தாருங்கள், துண்டு துண்டாக, என்றார். தன் ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் கறுப்பு லீவர்களை இறக்கினார். பஸ் சாரதி அம்மா இறக்கினார். பிறகு வட்டம் முழுவதும், டக், டக், டக் என்று ஒவ்வொருவராக இறக்கும் சத்தம், மண்டபத்தைச் சுற்றி வந்தது. நான் முதல் துண்டை வாசித்தேன். அவர்கள் திருப்பி வாசித்தார்கள். இரண்டாவது துண்டை வாசித்தேன். ஆசிரியையின் விரல், எத்தனையோ வருடப் பழக்கம், குனிந்து நிற்க வேண்டிய கறுப்புத் தந்தியில் தங்காமல் அடுத்த தந்திக்குத் தாவிப் போய்விட்டது. அவருக்கே அது தெரியவில்லை. மற்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள்.

"இல்லை" என்றேன். பின்வரிசைக்கும் கேட்டிருக்கும். "அது அப்படியில்லை." அதே துண்டைத் திரும்பவும் வாசித்தேன்.