வாரா வாரம் செத்துப்போன அண்ணன்

பம்பரத்துக்கு ஒரு நிஜப் பேரும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் குதிகால் தாளம் போடும், படுத்தால் கட்டில் புலம்பும். இந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் எந்த வேலையிலும் தரிக்கவில்லை. தையல் கடையில் மிதியை நிறுத்தத் தெரியாமல் ஒரு சட்டைக் கையின் வாயையே மூடித் தைத்தான். நூலகத்தில் காவலுக்கு வைத்தார்கள். அமைதி காக்க வந்தவனே சத்தம் போடுகிறான் என்று படிக்கிறவர்கள் புகார் கொடுத்தார்கள்.

கடைசியில் பல்கலைக்கழகத்து உளவியல் துறை அவனை எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்கு வேலை, பொய் சொல்வது. மாதச் சம்பளத்துக்கு, கௌரவமாக.

மனசை நேருக்கு நேர் கேட்டால் அது நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடும். அதனால் நாடகம் ஒன்று போட்டு, அது அசந்திருக்கிற நேரத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். நாடகத்துக்கு நடிகன் வேண்டாமா? ஒரு அறையில் பம்பரம் கூட்டத்தோடு உட்கார்ந்து குட்டைக் கோட்டை நெட்டைக் கோடு என்று சாதிப்பான். புதிதாக வந்த மாணவன் தன் கண்ணை நம்புகிறானா, கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறானா என்று பார்ப்பார்கள். இன்னொரு நாள் வகுப்புக்குள் புகுந்து வாத்தியார் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். ஓடினவன் எப்படி இருந்தான் என்று கேட்டால் ஒருத்தி தாடி என்பாள், ஒருத்தன் மொட்டை என்பான். "அது ஒரு அம்மா சார்" என்று அடித்துச் சொன்ன மகராசனும் உண்டு. குழந்தைகள் அறையில் அவன் முன்பின் தெரியாத மாமா. அம்மா எழுந்து போனதும் உள்ளே வருவான். குழந்தை அழுகிறதா, அண்டுகிறதா என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் அவன் கொடி பறந்தது கேமரா நாடகத்தில்தான். காத்திருக்கும் அறை, கால் குட்டையான ஒரு மேசை, அதன் நுனியில் பழைய பிலிம் கேமரா. வந்தவர் நாற்காலியை இழுத்தால் போதும், கேமரா விழுந்து சிதறும். சிதறாமல் என்ன செய்யும், அதன் பாகங்களை ஒட்டியிருந்தது காந்தம். உடனே பம்பரம் ஓடி வருவான். "ஐயோ, எங்க அண்ணனோடதுங்க. போன வருஷம் போயிட்டான். அவன் கடைசியா எடுத்த படம் உள்ளதான் இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் தயாராக இருக்கும். அடுத்த அறையில் யாராவது உதவி கேட்டால் இந்த ஆள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தலையாட்டுகிறாரா? இதுதான் பேராசிரியை மேடத்தின் ஆராய்ச்சி. பாதிப் பேருக்குக் கேமரா விழவே விழாது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களும் வேண்டுமே.

இதில் மீற முடியாத சட்டம் ஒன்று உண்டு. ஆளை வெளியே விடும் முன் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதையும் பம்பரமே சொல்வான். கேமராவைச் சேர்த்துக் காட்டுவான், அண்ணன் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான் என்பான். சிலர் சிரிப்பார்கள், சிலர் வைவார்கள். அந்த அண்ணன் வீட்டு மாடியில்தான் பம்பரம் குடியிருந்தான். தான் வாரா வாரம் செத்துப் பிழைப்பது அண்ணனுக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்கு வந்தவள் வேறு துறை மாணவி, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பெண். கேமரா விழுந்தது, பம்பரம் அழுதான். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளத்தில் யாரோ ரொட்டியைக் கருக்க, தீ மணி அலறியது. எல்லோரும் படி இறங்கி ஓடினார்கள். மணி ஓய்ந்து திரும்பிய கூட்டத்தில் அவள் இல்லை.

"பேர் என்ன மேடம் அவளுக்கு?"

"வர்றவங்க பேரைக் கேக்கக் கூடாதுங்கறது நாமளே போட்ட சட்டம்பா" என்றார் மேடம். வாசலில் அறிவிப்பு ஒட்டினார், எல்லாத் துறைக்கும் சொல்லி அனுப்பினார். யாரும் வரவில்லை.

பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. பொய் அவனுடையது. அதை ஒரு பெண் நிஜமென்று சுமந்துகொண்டு எந்தத் தெருவிலோ போய்க்கொண்டிருக்கிறாள். அவன் பேருந்து நிறுத்தம் நிறுத்தமாக நின்றான், உணவகத்துக்குள் நுழைந்து பெண்கள் முகத்தைப் பார்த்து முறைப்பு வாங்கினான். அவனிடம் இருந்த அடையாளம் ஒன்றுதான். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த பை.

"ஊக்கா? நீங்க பாத்தீங்களா, பாத்ததா நினைக்கிறீங்களா?" என்றாள் துறையில் நினைவு ஆராய்ச்சி செய்யும் அக்கா. "எடுத்து எடுத்துப் பாக்கிற நினைப்பு அப்படியே இருக்காது. அவ பக்கமும் அதே கதைதான். இன்னேரம் மேசையைத் தானே எட்டி உதைச்சதா நினைச்சிட்டு இருப்பா."

எலி வளர்க்கும் வாத்தியார் கூண்டைத் தட்டிக் காட்டினார். "அடி வாங்கின மூலைக்கு இது திரும்பப் போகாது. அவ மட்டும் உங்க வராந்தாவுக்கு வருவாளா? அறிவிப்பு ஒட்டினா ஆச்சா?"

மனநல ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, "நிஜமா நீங்க யாரைத் தேடறீங்க?" என்றார்.

"பையில ஊக்கு குத்தின பொண்ணை."

"அதுக்கும் முன்னாடி?"

பம்பரம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிட்டான்.

குழந்தைகள் அறை டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக்குக் காலை மாட்டிக்கொண்டிருந்தாள். கை பட்டால் கழன்றுவிடும் கால், அதுவும் ஒரு நாடகம்தான். "கால் கழண்டதும் சில குழந்தை பொம்மை பக்கமே வராது. சிலது காலைத் தூக்கிட்டே சுத்தும், எப்படியாவது ஒட்டணும்னு. உங்க பொண்ணு எந்த ரகம்?"

பம்பரத்தின் கால் ஒரு கணம் நின்றது. மணி அலறியபோது அந்தப் பெண் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய்க் கேமராவைச் சேர்த்துப் பார்த்தான். லென்ஸைச் சுற்றிய வளையத்தைக் காணோம்.

பழைய கேமரா பழுது பார்க்கும் கடை ஊரில் ஒன்றுதான் மிச்சம். எதிரே இருந்த கிழட்டு மரத்தைவிடக் குனிந்திருந்த கடைக்காரர், பம்பரம் நீட்டிய கேமராவைப் பார்த்ததும் சொன்னார். "ஓ, இதோட வளையத்தை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வருது. இதே மாதிரி கேமரா கிடைக்குமான்னு. இன்னிக்கும் வரேன்னுது."

கடைக்காரர் ஸ்டூலைக் காட்டினார். பம்பரம் உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், வந்தான். "தம்பி, நீங்க நடக்கிற நடையில என் திருகாணியெல்லாம் உருளுது."

அவள் வந்தாள். பையில் ஊக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, சாதாரண ஜிப் பை. அடையாளம் கண்டது அவள்தான். படியிலேயே நின்றுவிட்டாள்.

"சார், தேடிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் டைம் கொடுங்க."

"ஒண்ணும் தேட வேண்டாம்மா. அது நாடகம். பொய்யி." ஆராய்ச்சி, மேடம், குட்டை மேசைக்கால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

அவள் தலையை ஆட்டினாள். "என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க."

அறையில் அவன் சொல்லும் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். கடையில் சொன்ன உண்மை விலை போகவில்லை. அவன் கேமராவைத் தரையில் போட்டான். சிதறியது. பொறுக்கி ஒட்டினான். மறுபடி போட்டான். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, கேமரா பொய்" என்றாள். "உங்க அண்ணன்? எனக்கும் ஒரு அண்ணன் வெளியூர்ல இருக்கான். அன்னிலேருந்து அவன் போன் எடுக்க லேட்டானா எடுக்கிற வரைக்கும் விடாம அடிக்கிறேன். அந்தப் பயம் பொய்யா?"

பம்பரம் போனை எடுத்து, அண்ணனைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டிக் கல்லாமேல் வைத்தான்.

"என்னடா?" என்றது போன்.

"அண்ணே, நீ உயிரோட இருக்கேன்னு ஒருத்தங்ககிட்ட சொல்லு."

"உயிரோட இல்லாமதான் போனை எடுத்தேனா?"

"இல்லண்ணே, வேலையில நீ செத்துட்டதா சொல்லியிருந்தேன்."

அந்தப் பக்கம் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எப்ப?"

"போன வருஷம்."

"அதான் என் செருப்பைக் கேக்காம கொள்ளாம மாட்டிட்டுப் போறியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. போன் பக்கம் குனிந்தாள். "ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"யாரும்மா? இருக்கேன். இடுப்புதான் பிடிச்சிருக்கு."

"தைலம் தேய்ச்சீங்களா?"

"யார் தேய்க்கிறது? தம்பின்னு ஒருத்தன் இருக்கான், ஒரு இடத்துல நிக்க மாட்டான்."

போன் ஓய்ந்தது. அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கண்ணுக்கு என்று நினைத்தான். அதற்குள் அந்த வளையம் இருந்தது, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று.

"உங்க மேடம்கிட்ட சொல்லுங்க, நான் வந்து நேர்ல திட்டுவேன்னு."

"சொல்றேன்மா. எனக்கும் சேத்துத் திட்டு."

"உங்களையும்தான்." படி இறங்கியவள் திரும்பினாள். "போற வழியில தைலம் வாங்கிட்டுப் போங்க."

பம்பரம் வளையத்தைக் கேமராவில் வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இனி அந்த நாடகத்தில் அண்ணனைச் சாகடிக்க மாட்டேன், வேறு யாரையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் சொல்ல வேண்டும். மருந்துக் கடைப் பக்கம் நடந்தான். அண்ணன் செருப்பு அவனுக்குப் பெரிது. வேகமாக நடந்தால் கழன்றுவிடும் என்பதால், வழி நெடுக மெதுவாகவே நடக்க வேண்டியிருந்தது.