வரைபடத்தில் இல்லாத துறைமுகம்

கார்கோ கந்தோரில் வேலை செய்து தலைமயிர் கொட்டிப்போன என் சகபாடிகளே, எவ்வளவு பாரமான பெட்டியையும் அனுப்பிவிடலாம். உலகம் ஒத்துக்கொள்ளாத நாட்டுக்கு ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

காப்புறுதி

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ரொறன்ரோ கந்தோருக்கு யூசுப் வந்தான். சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்துக்காரன். பெர்பெரா துறைமுகத்தில் அவனுடைய தம்பி ஐஸ் தொழிற்சாலை தொடங்கியிருந்தான். இயந்திரம் பழுதாகி, பிடித்த மீனெல்லாம் கரையிலேயே நாறியது. புது இயந்திரம் வராவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடுவேன் என்று தம்பி சொல்லியிருந்தான்.

அங்கே போகும் பெட்டிகளைப் பக்கத்து நாடான ஜிபுட்டியின் பெயரில் அனுப்புவதுதான் வழக்கம். யூசுப் சம்மதிக்கவில்லை; தன் நாட்டின் பெயரே வேண்டும் என்றான். பெட்டி கட்டும் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். தனிநாடு என்றாலே அவருக்குக் கண் கலங்கும். பிறஷ் எடுத்து அந்த நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் தீட்டிக் கொடுத்தார். பொருள் தொலைந்தால் ஈடு கொடுக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கு நான் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் கனிவாகத்தான் கேட்டாள்: "இல்லாத நாட்டில் பொருள் எப்படித் தொலையும்?"

செய்மதித் தொலைபேசி

பனி கொட்டத் தொடங்கியும் இயந்திரம் தம்பியின் கைக்குக் கிடைக்கவில்லை. யூசுப் எங்கள் கந்தோரிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக அவனுக்குத் தொலைபேசி எடுத்தான். பேசினால் முதலில் எங்கள் குரலே திரும்பி வரும். பிறகு வெறும் காற்றுச் சத்தம். அதற்குப் பிறகுதான் தம்பி. பெட்டி இறங்கியதைத் தன் கண்ணால் கண்டானாம். புது நாட்டுச் சுங்கத்தார் முத்திரையும் குத்தினார்களாம். விடியப் பார்த்தால் பெட்டியும் இல்லை, கப்பலும் இல்லை.

கப்பல் கொம்பனியைக் கேட்டேன். தங்கள் கப்பல் அந்தத் துறைமுகத்துக்குப் போனதே இல்லை என்றார்கள். சிவம் அண்ணை மெல்லக் கேட்டார்: "ரவி, எங்கட நாடு கிடைச்சாப் பிறகும் உப்பிடித்தானோ?"

மணல்

மாரிப் பனி முடியும் தறுவாயில் அதே பெட்டி ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் உள்ள எங்கள் களஞ்சியத்தில் வந்து நின்றது. ஆணி ஒன்றுகூட அசையவில்லை. பலகையில் ஊதா மையில் அந்த நாட்டின் முத்திரை. திறந்தபோது இயந்திரத்தின் இடுக்கெல்லாம் மெல்லிய செம்மணல். இறுக அடித்த பெட்டிக்குள் அது எப்படிப் போனது என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் தொடப் பயந்தோம். யூசுப் மட்டும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். அழுதான்.

மூடி அடித்தபின் சிவம் அண்ணை மறுபடியும் பெயர் தீட்டப் போனார். யூசுப் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். "ஜிபுட்டி என்றே எழுதுங்கள். என் தம்பிக்கு முதலில் ஐஸ் வேண்டும், நாடு பிறகு வரட்டும்."

அதற்குப் பிறகு நான் கப்பலேற்றிய பெட்டிகளில் எத்தனையோ, இருக்கிற நாட்டின் பெயரைப் போர்த்திக்கொண்டு இல்லாத நாட்டுக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தன.