வேலி கட்ட வந்த பொலிஸ் மாமா

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வேலி ஒரு காலத்தில் வாரம் தவறாமல் கழன்று விழும். அதைக் கட்டுவதற்கென்றே கிளிநொச்சியிலிருந்து ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஊரில் வேறு எந்த வேலிக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அப்பாவும் பொலிஸ்தான். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, களவாக மணல் ஏற்றி வந்த டிப்பர் லொறி ஒன்றை வீதியில் மறித்தார். அது நிற்கவில்லை. அவரோடு கடமையில் நின்ற சிங்கள மாமா அந்த நேரம் பார்த்து எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஸ்டேஷன் ஆட்கள் எங்களைக் கைவிடவில்லை. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் போட்டார்கள், சோற்றுக் கிடாரம் தூக்கினார்கள், பாதியில் நின்ற வீட்டுக்குக் கூரை போட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் வராது, ஆனாலும் ஒரு வேலையும் தடைப்படவில்லை. அருமையான மனிதர்கள்.

அந்த மாமா மட்டும் ஒன்றிலும் கைவைக்காமல் வாசல் படலையடியில் நிற்பார். தமிழ் சார்ஜன்ட் ஒருவர் அம்மாவிடம் வந்து, "அக்கா, அவன் சாப்பிடுறதும் இல்லை, நித்திரை கொள்ளுறதும் இல்லை. தான்தான் செத்திருக்கவேணுமாம். வேலையையும் விடப்போறானாம். எனக்குப் பயமாக்கிடக்கு" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சாப்பாட்டில், மாமா சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்துவிட்டு எழும்பினார். செத்த வீட்டில் விடைபெறுவது கிடையாது, பேசாமல் போகவேண்டும். அவருக்கு அது எப்படித் தெரியும்? "போறன்" என்று சொல்வது மரியாதையில்லை என்று அப்பா அவருக்குத் தமிழ் படிப்பித்திருந்தார். அதை மறக்காமல், எல்லோருக்கும் கேட்க, "அக்கா, போயிட்டு வாறன்" என்றார்.

சாத்திர சம்பிரதாயம் என்றால் உயிரை விடும் என் பெரியப்பா துள்ளி எழும்பினார். "செத்த வீட்டில இதென்ன கதை?"

அம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பவேயில்லை. "ஓம் தம்பி, சனிக்கிழமை வாங்கோ. வேலி தளர்ந்து கிடக்கு, கட்ட ஆளில்லை."

சொன்னபடி வந்தார். அம்மா குறடும் கட்டுக்கம்பியும் கொடுத்தார். வெயிலுக்குள் நின்று ஒரு பக்கம் முழுக்க முறுக்கிக் கட்டினார். கதிரையில் இருத்திச் சோறு போட்டபோது பாதி சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் வேலி மறுபடியும் தொங்கியது. அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். பெரியப்பா பக்கத்து வீட்டு மாட்டைக் குற்றம் சாட்டி, அவர்களோடு சண்டை கொழுவிக்கொண்டும் வந்தார்.

மாட்டைக் கையும் மெய்யுமாகப் பிடிப்பதென்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தேசி மரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். வந்தது அம்மா. குறட்டால் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பக்கத்து வீட்டில் ஒரு நுள்ளு உப்புக்கூடக் கேட்காத மனுசி. இப்போது ஒரு பாவப்பட்ட மனிதரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார், அதுவும் வேலியைத் தானே குலைத்துவிட்டு! கவலையில் அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதென்று முடிவு செய்தேன். அழுகை அழுகையாக வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு சனிக்கிழமை மாமா குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் தேத்தண்ணிக்குப் போகாட்டி அண்ணை இருந்திருப்பார், அக்கா" என்றார்.

"நீங்கள் போகாட்டி ரெண்டு வீட்டில அழுதிருப்பம். இருந்து சாப்பிடுங்கோ."

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு மாமா முழுக்கோப்பைச் சோறும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை காலை சீருடையோடு வந்து படலையில் நின்று, திரும்பவும் கடமைக்குப் போவதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா வேலிப்பக்கமே போகவில்லை. அவருக்குச் சுகமாகிவிட்டதென்று நான் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சுகமானது யாரென்று எனக்கு அப்போது தெரியாது.