சரிந்த கோப்பையில் சீனி

என் அடுப்பங்கரை அலமாரியில் ஒரு பக்கம் சரிந்த வெள்ளைக் கோப்பை ஒன்று இருக்கிறது. அதில் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறேன். விருத்தாசலத்தில் எங்களுக்கு அது சக்கரைதான். சீனி என்று சொன்னவர் எங்கள் பீங்கான் கம்பெனியின் சூளை மாஸ்டர், தெற்குச் சீமைக்காரர். மூட்டை இறக்க வந்த பீகார்காரரோ நாங்கள் பிசையும் களிமண்ணையே ‘சீனி மிட்டி’ என்பார். அவர் பேச்சில் சர்க்கரையும் சீனி, சீனாக்காரரும் சீனி. எல்லாம் சீனாவிலிருந்து வந்த பேராம். பாரசீகத்தில் பீங்கானுக்கே அந்தப் பெயர் என்று பின்னால் என் மகள் போனில் தேடிச் சொன்னாள். மாஸ்டருக்கு அது நோயின் பெயரும்கூட. “இந்த ஊருல மண்ணும் சீனி, என் ரத்தமும் சீனி” என்று அவர் சிரித்தபோது நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சூளைக்குள் வெக்கை பதத்துக்கு வந்ததும் கோன் என்கிற சின்னக் கூம்பு தலை சாயும். துளை வழியே அதைப் பார்த்துத் தீயை நிறுத்துவதுதான் அவர் வேலை. கிளேசிங்கில், பளபளப்புப் பூச்சில் கோப்பை முக்கிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் தனியே கூப்பிட்டு, முதலாளிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார், பெண்கள் இரண்டும் இன்னும் படித்து முடிக்கவில்லை என்று கெஞ்சினார். அன்றிலிருந்து அவருக்காக நான் பார்த்தேன். சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன தாயி?” என்று ஒரே ஒரு தரம் கேட்பார். கேட்பவர்களுக்குச் சும்மா விசாரிப்பதுபோல் இருக்கும். நான் போய்ப் பார்த்துச் சொல்வேன்.

பிறகு ஒருநாள் டீ வந்த நேரத்தில் “என்ன தாயி?” என்றார். கொஞ்சம் முன்னால் பார்த்த தைரியத்தில், டீயும் கையுமாக நின்ற இடத்திலிருந்தே, “இன்னும் இல்லண்ணே” என்றேன். சூளையைத் திறந்தபோது வெக்கை மிஞ்சி அத்தனை கோப்பைகளும் சரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யார் பார்த்தது என்று முதலாளி கத்தினார். நான்தான் என்றார் மாஸ்டர். என் வேலையும் போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

வேலை போய் ஊருக்குக் கிளம்பிய அவரை ஜங்ஷனில் ரயிலேற்றும்போதுதான், அன்று போய்ப் பார்க்காமலே சொன்னேன் என்ற உண்மையை அழுதுகொண்டே சொன்னேன். பெட்டியின் படியைக் கையால் தடவிக்கொண்டே, “தெரியும் தாயி. உன் குரல் டீ வாளிக்கிட்ட இருந்துதான வந்துச்சு. ரெண்டாந்தரம் கேட்டா என் கண்ணு விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு விட்டுட்டேன்” என்றார்.

இன்று காலையும் டீ போட அந்தக் கோப்பையை எடுத்தேன். இரண்டாந்தரம் அவர் கேட்டிருந்தால் டீயை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.